சுவரில்லாப் பள்ளி

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது முதிய தாய் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் வாழ்கிறார். பேத்திக்கு ஒன்பதாம் வகுப்புப் பருவம். அந்தத் தாயின் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. "ஏன் தம்பி, எம் பேத்தி பள்ளிக்கூடத்துக்கே போறதில்லையாம். வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்லயே படிக்கிறாளாம். அதுக்குப் பணமும் கட்டுறாங்களாம். அதெல்லாம் பள்ளிக்கூடந்தானா? புள்ள பக்கத்துல யாரு இருப்பா?" என்று கேட்டார்.

நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. 'காலம் மாறிவிட்டது, அம்மா' என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் அவர் கேட்டது மறுமொழி கூறித் தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். உற்று நோக்கினால் அதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருந்தன. அது பள்ளிதானா என்பது ஒன்று; பிள்ளையின் பக்கத்தில் யார் இருப்பார் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை தேடி, தொலைவிலிருந்து கற்பிக்கும் பள்ளிகளின் வரலாற்றை இங்குச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

தமிழில் 'பள்ளி' என்னும் சொல்லே ஓர் இடத்தைக் குறித்து எழுந்தது. துயிலும் இடம், துறவியர் தங்கும் இடம் என்ற பொருள்களில் வழங்கிய அச்சொல், சமண முனிவர் தங்கிய இடங்களில் கல்வியும் வழங்கப்பட்டமையால், கற்கும் இடத்திற்கே பெயராயிற்று என்பர். நம் கிறிஸ்தவ ஊர்களிலோ கோயிலும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஒரே சுற்றுச்சுவருக்குள் அமைந்தவை. கோயில் மணியும் பள்ளி மணியும் கேட்டு வளர்ந்த நமக்கு, மணியும் மரத்தடியும் வாங்குப்பலகையும் இல்லாத ஒன்றைப் பள்ளி என்று ஏற்க மனம் தயங்குவது இயல்பே.

ஆயினும் இப்பள்ளிகள் கணினியோடு தோன்றியவை அல்ல. கணினிக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அவற்றின் வேர்கள் ஊன்றப்பட்டுவிட்டன.

கடிதம் கொண்டுவந்த கல்வி

1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாடு முழுவதும் கடிதம் அனுப்பும் அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. சுருக்கெழுத்து முறை ஒன்றை வகுத்திருந்த ஐசக் பிட்மன், அவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டார். தம் பாடங்களை அஞ்சலில் அனுப்பினார். மாணவர் பயிற்சிகளை எழுதித் திருப்பி அனுப்பினர். அவை திருத்தப்பட்டு மீண்டும் அவர்கள் கைக்கு வந்தன. இங்கு நாம் கருதத் தக்கது, பாடம் போனது மட்டுமன்று, திருத்தம் திரும்பி வந்தது என்பதே. பாடம் மட்டும் போயிருந்தால் அது புத்தக விற்பனையாக நின்றிருக்கும். திருத்தம் திரும்பி வந்தமையாலேயே அது கற்பித்தல் ஆயிற்று.

1873ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அன்னா எலியட் டிக்னர் என்னும் பெண்மணி, வீட்டிலிருந்தே கற்பதை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். உயர்கல்வியின் கதவுகள் பெண்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்த காலம் அது. வரலாறு, இலக்கியம், அறிவியல், கலை முதலிய பாடங்களைப் படிக்க விரும்பிய பெண்களுக்கு, படித்த பெண்கள் தன்னார்வத்தோடு மாதந்தோறும் கடிதம் எழுதி வழிகாட்டினர். நூல்களையும் அஞ்சலில் இரவல் அனுப்பினர். ஏறத்தாழ 24 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் இவ்வாறு கற்றனர். ஒவ்வொரு மாணவிக்கும் அவளுடைய பெயரிட்டு, அவள் படித்ததைக் கேட்டு, அவள் ஐயத்திற்கு விடையிறுத்து வந்த கடிதங்களே அச்சங்கத்தின் வகுப்பறைகள். 1896இல் டிக்னர் காலமானார். அடுத்த ஆண்டே சங்கமும் கலைந்தது. அதைத் தாங்கி நின்றது ஒரு மனிதரின் அன்பே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அச்சங்கம் கலைந்த அதே 1897இல், அதே பாஸ்டன் நகரில், அமெரிக்க அஞ்சல் வழிப் பள்ளி தோன்றியது. பின்னர் சிகாகோவிற்குக் குடிபெயர்ந்த அப்பள்ளி, பகலில் வேலை செய்து இரவில் படிக்க விழைந்த தொழிலாளர்க்கு முதலில் பொறியியல் பாடங்களையும், காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியையும் வழங்கியது. இளமையில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர்கள், பல ஆண்டுகள் கழித்துச் சமையலறை மேசையில் அமர்ந்து பள்ளி இறுதிச் சான்றிதழுக்காக உழைத்தனர். இன்றைய தனியார் இணையவழி உயர்நிலைப் பள்ளிகளின் நேரடி மூதாதையர் இத்தகைய நிறுவனங்களே.

இந்தக் கதையில் ஒரு நிழலும் உண்டு. அஞ்சல் வழிக் கல்வி ஒரு பெரும் வணிகமாகவும் வளர்ந்தது. வீடு வீடாகச் சென்று ஆள் சேர்த்த முகவர்கள் இருந்தனர். சேர்ந்தவர்களுள் படிப்பை முடித்தவர் மிகச் சிலரே என்பதை, அமெரிக்காவின் அஞ்சல் வழிப் பள்ளிகளை ஆராய்ந்து 1926இல் ஜான் நாஃப்சிங்கர் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது. கட்டணம் செலுத்தும்போது இருந்த ஆர்வம், தனியே விளக்கடியில் அமர்ந்தபோது தளர்ந்துவிட்டது. கூடப் படிப்பாரும் இல்லை; 'ஏன் நேற்று வரவில்லை?' என்று கேட்பாரும் இல்லை.

பெட்டியில் வந்த வகுப்பறை

சிறுவர் கல்வியில் இம்முறை நுழைந்த கதை சுவையானது. பால்டிமோர் நகரில் கால்வர்ட் பள்ளி என்னும் தனியார் தொடக்கப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைமையாசிரியர் வர்ஜில் ஹில்லியர். பின்னாளில் சிறுவர்க்கென உலக வரலாற்று நூல் எழுதிப் புகழ்பெற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் கக்குவான் இருமல் பரவியபோது, பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்குப் பாடங்களை எழுதி வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டை அவர் செய்தார். அது பயன் தரக் கண்டு, 1906ஆம் ஆண்டு முதல் தொலைவிலுள்ள குடும்பங்களுக்கும் அதனை விரிவுபடுத்தினார். பாடநூல், தாள், எழுதுகோல் அனைத்தும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன.

அப்பெட்டியில் வந்தவற்றுள் மிக முதன்மையானது பிள்ளைக்கான நூலன்று, தாய்க்கான கையேடு. இன்று எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாள்வாரியாக அக்கையேடு கூறிற்று. பிள்ளை எழுதிய தேர்வுத்தாள்கள் பால்டிமோருக்குச் சென்று, அங்குள்ள ஆசிரியரின் குறிப்புகளோடு திரும்பி வந்தன. வெளிநாடுகளில் பணியாற்றிய தூதர்கள், படைவீரர்கள், மறைபரப்பாளர்கள் ஆகியோரின் குடும்பங்கள் பல இப்பெட்டியை நம்பியே தம் பிள்ளைகளை வளர்த்தன. ஆக, தொலைவிலுள்ள ஆசிரியர் ஒருவர், அருகிலுள்ள பெரியவர் ஒருவர் என்ற இருவர் சேர்ந்தே அப்பள்ளியை நடத்தினர்.

உயர்நிலைப் பள்ளிகளிலும் இந்த உண்மை விரைவில் உணரப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பர் என்னும் ஊரில், 1923ஆம் ஆண்டு, பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் இல்லாத தொழிற்பாடங்களை மாணவர்கள் அஞ்சல் வழியே பயிலத் தொடங்கினர். ஆனால் அவர்கள் தனியே விடப்படவில்லை. பள்ளி நேரத்தில், பள்ளிக் கட்டடத்தில், மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில் அமர்ந்து படித்தனர். 'மேற்பார்வையுடன் கூடிய அஞ்சல் வழிக் கல்வி' என்று இம்முறைக்குப் பெயர் வந்தது. 1929இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இம்முறையையே கைக்கொண்டு, சமவெளியில் சிதறிக் கிடந்த சிற்றூர்ப் பள்ளிகளுக்கு உயர்நிலைப் பாடங்களை அனுப்பத் தொடங்கியது. இரண்டு மூன்று ஆசிரியர்களே இருந்த ஓர் ஊர்ப் பள்ளியில் இலத்தீனும் உயர்கணிதமும் கற்க விரும்பிய விவசாயியின் மகனுக்கு அது பெரும் பேறாக அமைந்தது.

கன்னியர் தொடுத்த வழக்கு

இங்கே சற்று நின்று, வேறொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர வேண்டும். தனியார் பள்ளி என்று ஒன்று அமெரிக்காவில் இருக்கலாமா, கூடாதா என்ற கேள்வியே ஒரு காலத்தில் எழுந்தது. அதற்கு விடை கிடைத்த வரலாற்றில் நம் திருச்சபைக்கு நேரடிப் பங்கு உண்டு.

1922 நவம்பரில் ஓரிகன் மாநில வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள், சில விலக்குகள் தவிர, அரசுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்பது அச்சட்டம். 1926 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வர வேண்டும். கத்தோலிக்கரையும் குடியேறியோரையும் வெறுத்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் அச்சட்டத்திற்கு ஆதரவாகப் பெருமுழக்கம் செய்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடுவதே அதன் உள்நோக்கம் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

எதிர்த்து நின்றவர்கள் இயேசு மரியின் திருப்பெயர்கள் சபைக் கன்னியர். 1982இல் அருளாளராக உயர்த்தப்பட்ட மரி ரோஸ் துரோசே அன்னையால் கனடாவில் நிறுவப்பட்ட சபை அது. 1859இலேயே அச்சபைக் கன்னியர் 12 பேர் ஓரிகனுக்கு வந்து பள்ளி தொடங்கியிருந்தனர். இராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் தனியே வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1925 ஜூன் 1ஆம் நாள், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். பள்ளிகளை ஆய்வு செய்யவும் நெறிப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பிள்ளைகள் அனைவரும் அரசு ஆசிரியரிடமே கற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அதற்கு உரிமை இல்லை. பிள்ளையின் கல்வியை வழிநடத்தும் உரிமையும் கடமையும் பெற்றோருடையவை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1929ஆம் ஆண்டின் இறுதி நாளில் பதினோராம் பத்திநாதர் கிறிஸ்தவக் கல்வி குறித்து வெளியிட்ட சுற்றுமடல், பெற்றோரின் உரிமையைப் பேசும் இடத்தில் இத்தீர்ப்பைச் சுட்டிக்காட்டியது.

அமெரிக்காவில் பின்னர் தோன்றிய எல்லாத் தனியார் பள்ளிகளும், இணையவழிப் பள்ளிகள் உட்பட, இத்தீர்ப்பு என்னும் அடித்தளத்தின்மீதே நிற்கின்றன. வீட்டிலிருந்து கற்பிக்க விழைந்த பெற்றோர்கள் அதைத் தம் வாதங்களில் எடுத்தாண்டனர். 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டது. கன்னியர் காத்தது தம் கட்டடங்களை மட்டுமன்று. பெற்றோர் தேர்ந்துகொள்ளலாம் என்ற கொள்கையையும் அவர்கள் காத்தனர். ஆனால் தேர்ந்துகொள்ளும் உரிமை எவரிடம் உள்ளதோ, தேர்ந்தபின் பொறுப்பும் அவரிடமே உள்ளது. தீர்ப்பில் 'உரிமை' என்ற சொல்லோடு 'கடமை' என்ற சொல்லும் சேர்ந்தே நிற்பதை நாம் மறத்தலாகாது.

காற்றில் வந்த குரல்

கடிதத்திற்கும் கணினிக்கும் இடையில் வானொலி ஒரு பாலமாக அமைந்தது. இதற்கு நாம் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றி, ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியுள்ள கால்நடைப் பண்ணைகள் உள்ளன. அவ்வீடுகளின் பிள்ளைகள் அஞ்சல் வழியே படித்துவந்தனர். பறக்கும் மருத்துவர் சேவையில் பொறுப்பு வகித்த அடிலெய்ட் மீத்கி என்னும் கல்வியாளர், அப்பிள்ளைகள் புதியவர்களைக் கண்டால் கூச்சத்தால் ஒடுங்குவதைக் கவனித்தார். நோயாளிகள் மருத்துவரோடு பேசப் பயன்பட்ட வானொலிக் கருவியின் வழியே ஆசிரியரும் பிள்ளைகளும் பேசினால் என்ன என்று எண்ணினார். 1951 ஜூன் 8ஆம் நாள் 'வான்வழிப் பள்ளி' முறையாகத் தொடங்கப்பட்டது.

அப்பிள்ளைகளிடம் பாடம் முன்னரே இருந்தது. அஞ்சல் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களிடம் இல்லாதது மற்றொரு பிள்ளையின் குரல். காலையில் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி வணக்கம் கூற, முகம் காணாத தோழர்கள் அதைக் கேட்டனர். அதுவே அவர்களுக்கு வகுப்பு என்ற உணர்வைத் தந்தது. வீட்டில் தாயோ, அதற்கென அமர்த்தப்பட்ட ஆசிரியையோ அருகில் அமர்ந்து பாடத்தைத் தொடர்ந்து நடத்தினர். பிற்காலத்தில் வானொலியின் இடத்தைச் செயற்கைக்கோளும் இணையமும் பிடித்துக்கொண்டன. ஆயினும் பிள்ளையின் அருகில் பெரியவர் ஒருவர் அமரும் ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

திரையில் திறந்த வாயில்

மீண்டும் அமெரிக்காவிற்கே வருவோம். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீஸ் என்னும் மெய்யியல் பேராசிரியர், சிறுவர்க்குக் கணிதப் பயிற்சி அளிக்கக் கணினியைப் பயன்படுத்தும் ஆய்வில் இறங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்கலாம் என்பதே அவர் கண்ட கனவு. 1990களில் அவ்வாய்வு, திறன்மிகு சிறுவர்க்கான கணினிவழிப் பாடத்திட்டமாக உருப்பெற்றது.

அதே 1990களில் இணையம் வீடுகளுக்குள் நுழைந்தது. கலிபோர்னியாவில் 1991இல் தொடங்கப்பட்ட லாரல் ஸ்பிரிங்ஸ் போன்ற தனியார் தொலைநிலைப் பள்ளிகள், அஞ்சலில் அனுப்பிய பாடங்களைப் படிப்படியாக இணையத்திற்கு மாற்றின. ஃபுளோரிடா மாநில அரசு 1997இல் தானே ஓர் இணையவழிப் பள்ளியைத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமே இணையவழி உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் திறந்தது. ஒரு பெரும் பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கி வந்தமையால், இணையப் பள்ளி என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணம் பலரிடம் மாறத் தொடங்கியது.

இத்தகைய பள்ளிகளில் சேர்வோர் யார்? நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர், நடனத்திலும் இசையிலும் நடிப்பிலும் ஈடுபட்ட சிறார், நாடுவிட்டு நாடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகள், நெடுநாள் நோயுற்றோர், வகுப்பறையில் ஏளனத்துக்கும் கொடுமைக்கும் ஆளானோர், ஊர்ப் பள்ளியின் பாட வேகம் போதாதவர் எனப் பலதரத்தினர். அவர்களுட் சிலருக்கு இப்பள்ளி வசதி. சிலருக்கோ அதுவே ஒரே வழி. படுக்கையில் கிடக்கும் ஒரு பதினைந்து வயதுச் சிறுமிக்கு, திரையில் தன் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரின் குரல் எத்தகைய ஆறுதலாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதனை எளிதில் பழித்துரைக்க நமக்கு மனம் வாராது.

நடைமுறையில் இப்பள்ளிகள் இரு வகைப்படும். ஒரு வகையில் குறித்த நேரத்தில் சிறு குழுவாக மாணவரும் ஆசிரியரும் திரையில் கூடுவர்; விவாதிப்பர்; கை உயர்த்திக் கேள்வி கேட்பர். ஸ்டான்ஃபோர்டு பள்ளி இவ்வகையைச் சார்ந்தது. ஒரு மாணவருக்குக் காலையாக இருக்கும் வேளை, அதே வகுப்பிலுள்ள மற்றொருவருக்கு நள்ளிரவாக இருப்பதும் உண்டு. அங்கு முழுநேரப் படிப்பிற்கு ஆண்டுக்கு 25,000 டாலருக்கு மேல் செலவாகும். மற்றொரு வகையில், பதிவு செய்யப்பட்ட பாடங்களை மாணவர் தமக்கு வாய்த்த நேரத்தில் தனியே கற்பர், பயிற்சிகளை அனுப்புவர், மதிப்பெண் வரும். கட்டணம் குறைவு, சுதந்திரம் மிகுதி. தனிமையும் மிகுதி.

வெறுஞ்சான்றும் மெய்ச்சான்றும்

எங்கே நல்ல விளைச்சல் உண்டோ அங்கே களையும் முளைக்கும். கோதுமையின் நடுவே களைகள் வளர்ந்த உவமையை நாம் அறிவோம். இணையவழிப் பள்ளி என்ற பெயரில், படிப்பே இல்லாமல் சான்றிதழ் விற்ற நிறுவனங்களும் தோன்றின. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், ஃபுளோரிடாவில் அத்தகைய நிறுவனம் ஒன்றின்மீது வழக்குத் தொடுத்தது. 200, 300 டாலர் வாங்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வழங்கி, சில ஆண்டுகளில் ஒரு கோடி டாலருக்கு மேல் அது ஈட்டியது என்பது குற்றச்சாட்டு. அச்சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைக்கோ, படைக்கோ, கல்லூரிக்கோ சென்றவர்கள், அது வெறுந்தாள் என்பதை அங்கேதான் அறிந்தனர். ஏமாந்தவர்களுட் பலர், ஒரு காலத்தில் பள்ளியை விட நேர்ந்து, இழந்ததை மீட்க ஆசைப்பட்ட எளியோர் என்பதே இதில் நெஞ்சைச் சுடும் செய்தி.

மெய்ப்பள்ளியைப் போலியிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? அரசோ, அரசு ஏற்ற அமைப்போ வழங்கும் தரச்சான்று ஓர் அளவுகோல். ஆனால் இதைவிடக் கூர்மையான அளவுகோல் ஒன்றை, நாம் எதிர்பாராத திசையிலிருந்து ஓர் அமைப்பு வகுத்தது. அது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசிய சங்கம். கல்லூரி அணிகளில் சேரும் வீரர்கள் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை உண்மையாகவே படித்தனரா என்று பார்ப்பது அதன் பொறுப்பு. சிலர் விரைவாக முடிக்கத்தக்க தொலைநிலைப் பாடங்களை எடுத்து மதிப்பெண்ணைச் சரிசெய்வதைக் கண்ட அச்சங்கம், 2010இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பாடக்காலம் முழுவதும் ஆசிரியரும் மாணவரும் இடையறாத் தொடர்பில் இருக்க வேண்டும். கற்பித்தல், மதிப்பிடுதல், உதவுதல் ஆகியவற்றை ஆசிரியர் செய்ய வேண்டும். படிப்பை முடிக்க வரையறுத்த காலம் இருக்க வேண்டும். இவை இல்லாத பாடங்கள் ஏற்கப்படமாட்டா. 2014இல் இந்த அளவுகோலால் 24 இணையவழிப் பள்ளிகளின் பாடங்களை அது தள்ளிவிட்டது. பள்ளி எது என்பதற்குக் கட்டடத்தையோ கருவியையோ கேளாமல், ஆசிரியர் மாணவரோடு பேசுகிறாரா என்று கேட்டது அந்த விளையாட்டுச் சங்கம்! பிட்மனின் திருத்தங்களும் டிக்னரின் கடிதங்களும் உணர்த்திய அதே உண்மை, ஏட்டில் விதியாக ஏறியது.

அடுத்த ஆண்டே இதற்கு மற்றொரு சான்றும் கிட்டியது. அமெரிக்காவில் பொதுநிதியால் நடைபெறும் இணையவழிப் பள்ளிகளின் மாணவர்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒத்த நிலையிலுள்ள ஏனைய மாணவர்களோடு ஒப்பிட, 180 நாள் கொண்ட பள்ளியாண்டில் அவர்கள் வாசிப்பில் 72 நாள்களுக்கும், கணிதத்தில் 180 நாள்களுக்கும் இணையான கற்றலில் பின்தங்கியிருந்தனர் என்று அது கணக்கிட்டது. அவை தனியார் பள்ளிகள் அல்ல. ஆகவே அக்கணக்கை எல்லா இணையப் பள்ளிகள்மீதும் ஏற்றிச் சொல்வது நீதியாகாது. எனினும் கருவி ஒன்றே கற்பித்துவிடும் என்று நம்பியோர்க்கு அது ஓர் எச்சரிக்கை.

நம் வீடுகளுக்கு வந்த பாடம்

இவையெல்லாம் எங்கோ தொலைநாட்டுச் செய்தி என்று நாம் இருந்துவிட இயலாதபடி 2020ஆம் ஆண்டு வந்தது. கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டன. உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் கல்வி தடைபட்டதாக யுனெஸ்கோ அறிவித்தது. நம் ஊர்களிலும் பிள்ளைகள் கைபேசியை ஏந்தி, அலைவரிசை கிடைக்கும் மொட்டைமாடிக்கும் மரத்தடிக்கும் அலைந்ததை நாம் கண்டோம். ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகளையும், கைபேசியே இல்லாத வீடுகளையும் அறிவோம்.

அவசரத்தில் நிகழ்ந்த அந்த ஏற்பாட்டையும், ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு நடத்தப்படும் ஓர் இணையவழிப் பள்ளியையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. ஆனால் அந்நாள்களில் நாம் நம் கண்ணால் கண்ட ஒன்று உண்டு. அதே ஆசிரியர், அதே பாடம், அதே திரை. ஆயினும் சில பிள்ளைகள் தேறினர், சில பிள்ளைகள் சோர்ந்தனர். எழுத்தறியாத தாயாயினும், 'இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்' என்று கேட்டு அருகில் அமர்ந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு பிடிப்பு இருந்தது. விலையுயர்ந்த கருவியைக் கொடுத்துக் கதவைச் சாத்திய வீட்டில், பிள்ளை திரைக்குப் பின்னால் எங்கோ தொலைந்துபோனது.

வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. கடிதமாயினும், பெட்டியாயினும், வானொலியாயினும், கணினியாயினும், தொலைவிலிருந்து வந்த கல்வி செழித்த இடங்களில் எல்லாம் இரண்டு மனிதரைக் காண்கிறோம். பிள்ளை எழுதியதைப் படித்து மறுமொழி எழுதும் ஆசிரியர் ஒருவர். பிள்ளையின் அருகில் அமரும் பெரியவர் ஒருவர். அவ்விருவருள் ஒருவர் இல்லாதபோது பள்ளி நொண்டியது; இருவரும் இல்லாதபோது வெறும் வணிகமே எஞ்சியது.

அயல்நாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பல இன்று இத்தகைய பள்ளியைத் தேர்வதா, வேண்டாவா என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கட்டணத்தைக் கேட்கட்டும், தரச்சான்றையும் கேட்கட்டும். அவற்றோடு இன்னும் மூன்றைக் கேட்பார்களாக. என் பிள்ளை எழுதும் கட்டுரையைப் படிப்பவர் யார்? அவள் ஒரு வாரம் வராதிருந்தால் தேடி அழைப்பவர் யார்? அவள் சிரிக்கும்போது உடன் சிரிக்கத் தோழியர் உண்டா? மூன்றாவது கேள்விக்குத் திரை முழுவிடை தராது. பங்கின் இளைஞர் குழுவும், பாடகர் குழுவும், தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளும் அவ்விடத்தை நிரப்ப வேண்டும். அதற்கு வழிசெய்வது பெற்றோரின் கடன். பெற்றோரின் கடன் மட்டுமன்று, நம் அனைவரின் கடனுமாகும்.

இரு வாரங்கள் கழித்து அந்தத் தாயை மீண்டும் கோயில் முற்றத்தில் சந்தித்தோம். "அது பள்ளிக்கூடந்தான் அம்மா. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியை உங்கள் மகனிடம் கேளுங்கள்" என்றோம். அவர் சிரித்தார். தொலைபேசியில் முன்பே கேட்டுவிட்டாராம். மருமகள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் வீட்டில் இருக்கிறாராம். இரவில் பேத்தி பாட்டியை அழைத்து, அன்று படித்ததைத் தமிழில் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது புதிய ஏற்பாடாம். "பாதி புரியல தம்பி. ஆனா தெனமும் கேக்குறேன்" என்றார்.

எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பேத்தியின் பக்கத்தில், அவரும் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிட்டார்.